ஓடத்தில் மூழ்கிய ராஜா

சத்யப்பிரியாவிடம் மட்டும் வம்பு வைத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பனியன் கழுத்தைக் கால் இஞ்ச் இறக்கச் சொன்னால் இறக்குவாள், ஏற்றச் சொன்னால் ஏற்றுவாள், குரல் உயராது. அதைப் பார்த்து ஆள் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தவன் பிரபாகர். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று அவனும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். என்ன பிரயோஜனம்?

வாரமெல்லாம் அடுத்தவன் டிசைனைத் திருத்துகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தம். எங்கள் வீட்டுப் பனியன் யூனிட்டில், துணி வெட்டுகிற கட்டிங் டேபிளைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். அவள் தானே கற்பனை செய்த ஒரு நாட்டைச் சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அதற்குள் நடப்போம். சண்டை வந்தால் பகடை உருட்டுவோம். அந்த நாட்டில் ஒரே ஆறு, கடக்க ஒரே ஓடம். ஏறுகிறவரிடம் ஓடக்காரி ஒரு கேள்வி கேட்பாள். பொய் சொன்னவர் தண்ணீரில். மெய்யா பொய்யா என்று அவள் சொன்னால் சொன்னதுதான், பகடைகூட அங்கே செல்லாது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சத்யாவின் அம்மா குழந்தையம்மாள் காலமெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். அவர் ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் அந்தப் பீஸ் பெட்டிக்குள் போகாது. அவர் முகத்தைத்தான், நெற்றித் தழும்போடு சேர்த்து, ஓடக்காரிக்கு வைத்திருந்தாள் சத்யா. பிரபாகரும் எங்களோடு விளையாடியவன். குழந்தையம்மாள் கையால் எத்தனையோ மதியம் சாப்பிட்டவன்.

அவன் பெங்களூரில், இந்த மாதிரிக் கதை விளையாட்டுகளைப் புத்தகமாகப் போடுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கொஞ்ச நாளில் சத்யாவின் நாடு புத்தகமாக வந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. நான் போனில் கேட்டதற்கு நியாயம் பேசினான்.

"புது ஸ்டைல்னா பேட்டர்ன், சாம்பிள், அப்ரூவல்னு எத்தன பாடு? ரிப்பீட் ஆர்டர்னா கலரை மாத்தி பிரிண்ட்டை மாத்தி உட்டாப் போதுமுங்க. நா பழசைப் புதுப்பிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

புதுப்பித்த லட்சணத்தை அட்டையில் பார்த்தோம். ஊர் உலகத்துக்கெல்லாம் துணி தைக்கிற ஊரில் பிறந்தவன், ஓடக்காரிக்கு ஒரு முழத் துணிகூட மிச்சம் வைக்கவில்லை. நெற்றித் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. குழந்தையம்மாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நானா கண்ணு?" என்று கேட்டார்.

கேஸ் போடலாம் என்றேன்.

"கேஸெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் சத்யா. "அது யாரு முகம்னு அவனே சொல்லோணும். நாலு பேரு முன்னால, எங்கம்மா காதுல உழுகற மாதிரி."

புத்தகத்துக்கு எங்கள் ஊரிலும் ஒரு அறிமுக விழா, அவிநாசி ரோட்டில் ஒரு ஹாலில் நடந்தது. பிரபாகரே கதை நடத்தப் போகிறான், ஊர்க்காரர்கள் நாலு பேர் மேடையில் உட்கார்ந்து விளையாடலாம் என்று அறிவித்திருந்தார்கள். சத்யா ஒரு நாற்காலி பிடித்தாள், பக்கத்தில் நான். குழந்தையம்மாள் தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நானும் மேடையிலிருந்த மற்ற இரண்டு பேரும் வாள் வீரன், வில் வீரன் என்று வேஷம் எடுத்தோம்.

"எனக்கு ஓடக்காரி போதுமுங்க," என்றாள் சத்யா. பிரபாகர் முகம் சுருங்கியது. கூட்டத்தின் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ரிப்பீட் ஆர்டரில் எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கலரையும் பிரிண்ட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். பேட்டர்ன் பழசுதானே என்று அளவை மட்டும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். பிரபாகரும் படத்தை மாற்றினான், ஆற்றுக்குப் பெயர் மாற்றினான், வீரசேனன் என்று ஒரு ராஜாவைப் புதிதாகச் சேர்த்தான். ஓடத்தின் விதியைத் தொடவேயில்லை.

ராஜா அக்கரைக்குப் போனால்தான் கதை நகரும். கதை நடத்துகிறவன் என்பதால் ராஜாவுக்காகப் பேசுகிறவன் பிரபாகர்.

"ராஜாவே, இந்த ஓடக்காரி முகம் யாருதுங்க?" என்று கேட்டாள் சத்யா.

"விளையாட்டுக்குள்ள இருக்கறதக் கேளுங்க."

"ஓடத்துலதானுங்க உக்காந்திருக்கோம்."

"படம் போட்டவரோட கற்பனைங்க அது."

"ரிஜெக்ட்." ராஜா மூழ்கினார். கூட்டம் கைதட்டியது. இந்த விதி பழசு, செல்லாது என்றான் பிரபாகர். அவன் புத்தகத்திலேயே இருக்கிறது என்று நான் எடுத்துப் படித்தேன். ஒருத்தராவது அக்கரை சேர வேண்டுமே, வேறு வழியில்லாமல் தளபதியை ஏற்றினான். "அது ஒரு வனதேவதை முகம்." ரிஜெக்ட். இளவரசியை ஏற்றினான். "யாரோட முகமும் இல்லை." ரிஜெக்ட். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு தலையாகத் தண்ணீருக்குள் போகப் போக, இன்னும் ஏற்றுடா என்று மனசு குதித்தது.

கடைசியில் அவனிடம் மிச்சமிருந்தது ஒரு குதிரைக்காரன். சத்யா அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். அவன் முன்வரிசையைப் பார்த்தான். குழந்தையம்மாள் பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தையம்மாளோட முகமுங்க," என்று முனகினான். "நாடும் உங்குளுதுதானுங்க."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

மைக்கில் சொன்னான். யாரோ ஒரு பெண் எழுந்து போய் மேடையோரம் நின்ற அட்டைப்பட பேனரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மெய்," என்றாள் சத்யா. குதிரைக்காரன் கரையேறினான்.

வாசலில் பிரபாகர் ஓடி வந்தான். குழந்தையம்மாள் காலில் விழுந்துவிடுவான் போலிருந்தது. "அடுத்த பதிப்புல உங்க பேரு போட்டு, எல்லாத்தையும் சரி பண்ணிடலாமுங்க. நீங்களே வந்து திருத்திக் குடுங்க."

சத்யா அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

"அந்த நாட்டுல இப்ப ஒரு குதிரைக்காரன்தானுங்க உசுரோட இருக்கான். அவன வெச்சுப் பொழச்சுக்கோங்க. நா வேற நாடு பண்ணிக்கறேன்."