கொடிக்கு உறை போட்டவர்

சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில், பெங்களூர் ரோட்டோரம் எனக்கு ஒரு சைக்கிள் கடை. ஒரு மத்தியானம், முன்னால் கொடி பறக்க ஒரு கறுப்புக் கார் ஆவி கக்கிக்கொண்டு வந்து கடை முன்னால் நின்றது. டிரைவர் இறங்கினார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காலில் மட்டும் பிய்ந்த செருப்பு. தண்ணீர் கேட்பார் என்று வாளியை எடுத்தேன். அவரோ பின்சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்துக் கொடிக்கு மாட்டினார்.

"உள்ள யாருண்ணே?"

"மந்திரி."

"மந்திரி இருக்கசொல்ல கொடிய மூடிட்டீங்களே?"

"கீறாருப்பா, ஆனா தூங்குறாரு. ராவெல்லாம் மீட்டிங்கு. கொடியப் பாத்தா ஜனங்க கும்புடுவாங்க. திருப்பிக் கும்புட ஆளு முழிச்சினு இருக்க வேணாவா?"

சிரிக்காமல்தான் சொன்னார்.

தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது உள்ளே இருமல் கேட்டது. டிரைவர் ஓடிப்போய் உறையை உருவினார். கிரீஸ் கையோடு நான் கும்பிட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மந்திரி, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிக் கும்பிட்டார்.

மந்திரியின் முகம் மறந்துவிட்டது. டிரைவர் முகம் மறக்கவில்லை.

இப்போதும் இந்த ரோட்டில் கொடி கட்டின கார்கள் போகின்றன. பழக்கதோஷத்தில் நானும் கும்பிடுகிறேன். ஏற்றிய கண்ணாடி இறங்குவதே இல்லை. அந்த டிரைவர் இந்தக் கார்களை ஓட்டியிருந்தால், மெட்ராஸ் போய்ச் சேரும்வரை உறையைக் கழற்றியிருக்கவே மாட்டார்.