சட்டைப் பையோடு போன ரோட்டர்

என் கணவருக்கு இரண்டு பெண்சாதி என்று எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரிக்கிற ஒரு பகிடி இருந்தது. மூத்தவள் ஜீப், இளையவள் நான். அந்தப் பகிடியைத் தொடக்கிவைத்ததே நான்தான். சக்களத்தி என்று அதை வாயாரத் திட்டியிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் தள்ளிவிட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. மாமா, இவருடைய அப்பா, எடுத்தது, அவருக்குப் பிறகு இவருக்கு வந்தது. சாம்பல்தீவில் கரைவலை இழுக்கிற இடத்திலிருந்து மீன் பெட்டிகளைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவர அதை விட்டால் வேறு வழியில்லை. மற்ற வாகனங்கள் மணலில் புதையும். இது நாலு சில்லையும் ஊன்றி, உறுமிக்கொண்டு ஏறி வரும். முதலில் பச்சை நிறம். சண்டை தொடங்கியதும் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் வாங்கித் தன் கையாலேயே பூசினார். பச்சை ஜீப்பைக் கண்டால் ஆமியின் வாகனம் என்று இயக்கம் சுடும், ஆமி பிடித்து விசாரிக்கும். அந்தக் காலம் அப்படி.

நிறத்தை மாற்றினாலும் அதன்மேல் கண் வைத்தவர்கள் வைத்தார்கள். இரவல் கேட்டு இரண்டு பகுதியும் வாசலுக்கு வந்தது. இரவல் கொடுத்த வாகனம் திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் கதையே இல்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம்தான் ரோட்டர். என்ஜினில் ஒரு கறுப்பு மூடிக்குக் கீழே பெருவிரல் அளவில் ஒரு துண்டு இருக்கும். கறுப்புக் கட்டை, மேலே பித்தளைத் தகடு. அதைக் கழற்றிவிட்டால் ஜீப் வெறும் இரும்பு. பின்னேரம் கரையிலிருந்து வந்ததும் அதைக் கழற்றி, சாரத் தலைப்பால் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கேட்டு வந்தவர்களிடம் திறப்பை நீட்டி, "ஸ்டார்ட் வராது தம்பி, நீங்களே பாருங்கோ" என்பார். அவர்கள் முறுக்கிப் பார்த்துவிட்டு ஏசிக்கொண்டு போவார்கள். அவர் குசினிக்குள் வந்து சத்தம் வராமல் சிரிப்பார்.

ஒருநாள் தெரியாமல் ரோட்டரோடு சேர்த்துச் சட்டையைத் தோய்த்துவிட்டேன். மனுசன் துடித்துப்போனார். அதை அடுப்படியில் வைத்து, குளிக்க வார்த்த பிள்ளையைத் துவட்டுகிற மாதிரித் துவட்டினார்.

"இந்த இரும்புக்கு இவ்வளவு பாடோ?" என்று கத்தினேன்.

"எல்லாம் கைவிட்டுப் போச்சுதப்பா. கடலுக்குப் போக விடமாட்டான், ரோட்டால போக விடமாட்டான். எங்கட சொல்லுக் கேக்கிற ஒரே சாமான் இதுதான்."

"நான் கேக்கிறேல்லையோ?"

"நீர் எப்ப கேட்டனீர்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது பகிடியில்லை என்று பிறகு விளங்கியது. நாட்டில் ஒன்றும் எங்கள் கையில் இல்லை. அந்த ஜீப்பில் ஏதாவது உடைந்தால் அவருக்கு எங்கே உடைந்தது என்று தெரியும், ஒரு கம்பித்துண்டால் கட்டி ஓட்டவும் தெரியும். வேறு எதை அப்படித் திருத்த முடிந்தது?

பெற்றோல் தட்டுப்பாடான ஒரு நாள், ஜீப் சில்லுக்கு ரியூப் வாங்க பஸ்ஸில் திருகோணமலை ரவுணுக்குப் போனார். முதல்நாள் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு போனார். ரோட்டர் பையிலேயே இருந்தது. அவரும் மறந்தார், நானும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் போனவர்கள் பிறகு வந்து சொன்னார்கள். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். இவருடைய பைக்குள் கையை விட்ட ஆமிக்காரன் அந்தத் துண்டை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்திருக்கிறான். கறுப்புக் கட்டையும் பித்தளையும். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று யாருக்குத் தெரியும்? இவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டு நின்றாராம். அவருக்கு ஜீப்பின் பாஷை தெரியும், சிங்களம் தெரியாது. அவரை மறித்து வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்களாம்.

ஜீப்பைப் பற்றித் தொடங்கினால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. அன்றைக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் விளக்கியிருப்பார்.

நான் ஏறாத ஆமிக் காம்ப் இல்லை, கும்பிடாத அதிகாரி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவரைப் பிடிக்கவில்லை. வெருகல் முருகனுக்கும் நேர்ந்தேன். முருகனும் அதே பதிலைத்தான் வைத்திருந்தார் போல.

ஜீப் வேப்ப மரத்துக்குக் கீழே நின்றது. அதை நான் வெறுத்தேன். உன்னால்தானடி மனுசன் போனார் என்று அதன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, கடல் காற்று இரும்பைத் தின்றுவிடுமே என்று பழைய ஒயிலைத் துணியில் தொட்டுப் பூசுவேன். சில்லுக்குக் காற்று அடிப்பேன். யாராவது விற்கச் சொன்னால் பத்திரகாளியாகிவிடுவேன்.

"ரோட்டர் கடையில வாங்கலாம்தானே அக்கா, ஓட்டத்தில இருந்தா நல்ல விலை போகும்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சொன்னாள். நல்ல மனசுக்காரி. ஆக்கின கறியில் எனக்கொரு பங்கு வைக்காமல் சாப்பிடமாட்டாள்.

"ரோட்டர் அவரிட்டை இருக்கு. அவர் வந்துதான் போடவேணும்" என்றேன். பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. யார் கேட்டாலும் எனக்கு அதுதான் பதில். வேறு ரோட்டர் போட்டு அது ஓடினால், அவர் இல்லாமலும் ஓடும் என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க ஏலாது.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் பழைய ஜீப் தேடி நிலாவெளி ரோட்டால் வந்தார். கூடவே ஒரு மெக்கானிக். மட்கார்டைத் தடவிப் பார்த்த விதத்தில், இவரைப் போலவே பைத்தியம் பிடித்த ஆள் என்று தெரிந்தது.

"என் வீட்டுல மூணு நிக்குது அக்கா. புதுசெல்லாம் சும்மா தகரம். இதுக்குத்தான் உயிர் இருக்கு" என்றார்.

உயிரைப் பற்றி எனக்கு வந்து சொல்கிறார்.

"விக்கிறதில்லை. பாக்கிறதெண்டா பாருங்கோ" என்றேன். அவ்வளவு தூரம் வந்த மனுசருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். விறகு ஈரம், பிடிக்க நேரம் எடுத்தது. வெளியே இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது. அவர்கள் தங்கள் வானின் பற்றறியில் வயர் கொழுவி, போத்தலில் பெற்றோல் ஊற்றி, கொண்டுவந்திருந்த ரோட்டரையும் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் இரண்டு இருமல். பிறகு அந்த உறுமல்.

முன்பெல்லாம் ஒழுங்கை முடக்கில் அந்தச் சத்தம் கேட்டால் நான் சோறு போட எழும்புவேன். அன்றைக்கும் கை தன்பாட்டில் அலுமாரியைத் திறந்து அவருடைய சோற்றுக் கோப்பையை எடுத்துவிட்டது. "வந்திட்டார்" என்று என் வாய் சொன்னதும் எனக்குக் கேட்டது. கோப்பையோடு முற்றத்துக்கு ஓடினேன்.

அவருடைய இடத்தில் கொழும்புக்காரர் இருந்து, சிரித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினார்.

ஒழுங்கையில் ஒருத்தரும் அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மீன் வெட்டின கையோடு, செதிள் ஒட்டியபடி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பாய்ந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என் கையிலிருந்த கோப்பையைக் கண்டதும் இன்னும் நிச்சயமாகிவிட்டது அவளுக்கு.

"அக்கா, அண்ணை எங்கை? அண்ணை எங்கை?"

ஜீப்புக்குள் இருப்பது அவர் இல்லை, வேறு யாரோ என்று சொல்லத்தான் நினைத்தேன். "அவர் இல்லை" என்றுதான் வாயில் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, அந்தக் கையோடேயே தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ரை அண்ணை" என்று நிலத்தில் விழுந்து குழறி அழத் தொடங்கினாள். இத்தனை வருஷத்தில் அந்த முற்றத்தில் அவருக்காக யாரும் அப்படிக் குழறியதில்லை. நான் விட்டதில்லை. கொழும்புக்காரர் பயந்துபோய் என்ஜினை நிறுத்தினார்.

நான் சொன்னது அந்த 'இல்லை' இல்லை என்று அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை.