நீலமேகத்துக்கு அப்புறம் யார்

எண்ணூரில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அதன் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தோரு வருடம் தலைவராக இருந்தவர் வியாசர்பாடி நீலமேகம். ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறாம் தேதியும் ஆலை வாசலில் கொடியேற்றிவிட்டுத் தவறாமல் பேசுவார். "ராஜா வவுத்துல பொறந்தவன்தான் ராஜான்னா நம்ம கைல ஓட்டு இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். கைதட்டல் ஓய நேரமாகும்.

2004இல் நெஞ்சுவலி வந்தது. இனிமேல் கூட்டத்தில் கத்திப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீலமேகம் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்துப் பொதுக்குழுவைக் கூட்டினார். அடுத்த தலைவர் ஜெயவேல்தான் என்று அவரே நினைத்திருந்தார். உலைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெயவேல் பதினைந்து வருடமாகச் சங்கத்து ஃபைல்களைச் சுமந்தவன். வேலைநிறுத்தத்தில் இரண்டு வாரம் ஜெயிலில் இருந்து வந்தவன்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது கேன்டீனில் பாத்திரம் துலக்கும் கன்னியம்மா.

"தலைவரு புள்ள பாரி இருக்க சொல்லோ, வேற ஆளு இன்னாத்துக்குத் தேடிகினு?"

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். பாரி ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வேலையும் அப்பாவின் வாய்ச்சொல்லில் கிடைத்ததே. அவன் கடைசி வரிசையில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். 'வேண்டாம்' என்ற சொல் நீலமேகத்தின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கைதட்டல் காதுக்கு இனித்தது. தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். யாரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அதற்குள் பாரியின் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

மறுநாள் காலை தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு பாரி சொன்னான்: "நைனா, நீ வேணாம்னு சொல்லுவேன்னு உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்."

நீலமேகம் பாதி இட்லியோடு எழுந்தார். அன்றே ஆலைக்குப் போய் அந்தத் தேர்வு செல்லாது, சீட்டு போட்டு முறைப்படி தேர்தல் நடக்கும் என்று எழுதி ஒட்டினார். ஜெயவேல் நின்றான். தனக்கு விருப்பமில்லை என்று பாரி சொல்லிப் பார்த்தான். யாரும் விடவில்லை, அவன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு சீட்டில் பாரிக்கு இருநூற்று ஐம்பத்தொன்று.

நீலமேகம் நேரே கேன்டீனுக்குப் போனார்.

"கன்னியம்மா, உன் வூட்டுக்காரன் வெரலு போனப்ப ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சது யாரு? ஜெயவேலு. அவனுக்கு ஏன் போடல?"

கன்னியம்மா கையில் இருந்த சாம்பலைத் தட்டினாள். "ஜெயவேலு தங்கமான புள்ள. யாரு இல்லேன்னா? ஆனா நீ இருந்த எடத்துக்கு உன் புள்ளதானே வரும். தலைவரே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. இத்தினி வருஷத்துல உன்ன எதிர்த்து ஒருத்தன நிக்க வுட்டியா? எங்களுக்கு வேற இன்னா தெரியும்?"

அவள் பழி சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவருக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றைந்தில் தலைவர் பதவிக்கு நிற்க ஜெயவேல் மனுவை எழுதி எடுத்து வந்திருந்தான். நீலமேகம்தான் அவன் தோளில் கை போட்டு, "ஒத்துமை கெட்டுடும் தம்பி" என்று சொல்லி, அந்தக் காகிதத்தை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு சரி. அவனும் திருப்பிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் ஜெயவேல் வீட்டுக்குப் போனார். அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு உன்ன நிக்க வுட்டிருக்கணும் ஜெயவேலு. தப்பு பண்ட்டேன்."

ஜெயவேல் கையைத் துணியில் துடைத்தான். "வுடுண்ணே. பாரிக்குக் கோர்ட்டு வேல ஒண்ணும் தெரியாது. வியாழக்கெழம சங்கத்து கேஸு கீது. நான் கூடப் போறேன்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து வந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நீலமேகம் எழுந்துவிட்டார்.

இரண்டு மாதம் யோசித்து ஒரு தீர்மானம் எழுதினார். இரண்டு முறைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது. தலைவரின் வீட்டு ஆள் அடுத்த தலைவராக நிற்கவும் கூடாது. பொதுக்குழுவில் அதைத் தானே படித்தார். படித்து முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்தது.

"இருங்கப்பா. ஏன், எதுக்குன்னு ஒருத்தனாவது கேளுங்க. புடிக்கலேன்னா எதிர்த்துச் சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தலைவரே. எழுதிக்க சொல்லு."

ஜெயவேல் குறிப்பேட்டில் எழுதினான்: ஏகமனதாக நிறைவேறியது. நீலமேகம் யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.