ஏரிக்கரைக் கரும்பலகை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இன்று காலை செயலாளர் ஒரு செய்தி போட்டிருந்தார்: 'தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது. தண்ணீர் மிக நன்று.' கீழே பதினாறு கட்டைவிரல்கள். குழாயைத் திறந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. மறந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த நெடி எனக்குப் பழக்கம். அரசாங்கத்தின் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஊர் ஊராகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவதுதான் உத்தியோகம். பாட்டிலை எப்படிப் பிடிப்பது, மூடியை எங்கே தொடக்கூடாது, ஐஸ் பெட்டி எத்தனை மணிக்குள் கூடத்துக்கு வந்து சேர வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இதுவரை யாரும் எழுப்பவில்லை.

அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஒரு ஊரில், வாய்க்காலில் நிரம்பும் சின்ன ஏரியைத்தான் எல்லோரும் குடித்தார்கள். அதில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். படித்துறை மேலே ஒரு புங்கமரம், அதில் ஆணியடித்து மாட்டிய கரும்பலகை. குடத்தோடு அங்கே வராத வீடு இல்லை என்பதால் ஊர்ச்செய்தி முழுக்க அதில்தான். எழுதுகிறவர் எஸ்டிடி பூத் வைத்திருந்த சுலைமான் பாய். ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்த வருஷங்கள் அவை. முதல் நாளே பூத்துக்குக் கூப்பிட்டு நேரம் சொல்லிவிடுவார்கள். 'காசிம் நாளை மூன்று மணிக்குப் பேசுவார்' என்று பாய் எழுதுவார். நிக்காஹ், காணாமல்போன ஆடு, ரேஷனில் சீமெண்ணெய், என் பரிசோதனை முடிவு எல்லாம் அதே பலகையில், அதே குண்டு எழுத்தில்.

நான் வரும் நாளும் அதில் இருக்கும். ஊராட்சிக்கு முன்தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. சோதனைக்குப் போகும் போலீஸ்காரர் முதலில் தபால் போட்டுவிட்டுப் போவதைப் போல. அதனால் நான் போகிற அன்று விடியற்காலையிலேயே படித்துறையைச் சுற்றி ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். சூதெல்லாம் இல்லை, மரியாதை.

"விருந்தாளி வர்றப்ப வீட்டைப் பெருக்கி வைக்கிறதில்லையா சார்?" என்றார் பாய். "நம்ம ஏரி ஃபெயிலாச்சுன்னு பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கணுமா?"

கரையோரம் வளைகுடாப் பணத்தில் புதுவீடுகள் எழுந்திருந்தன. எல்லாவற்றிலும் கக்கூஸ் உள்ளேயே. அவற்றின் கொல்லைப்புறக் குழாய்கள் எங்கே இறங்கின என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஒருமுறை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ரஹ்மத் என்ற பெண் குடத்தோடு நின்றாள். இடுப்பில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. புருஷன் கமால் துபாயில்.

"பாப்பாவுக்கு அடிக்கடி வயித்தால போவுது சார். இந்தத் தண்ணிய குடுக்கலாமா?"

"ரிசல்ட் போர்டுல வரும்மா."

"அது வரட்டும். நீங்க குடிப்பீங்களா?"

என் பைக்குள் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இருந்தது. "போர்டைப் பாரும்மா" என்றேன்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். 'மாதிரியில் குளோரின் நெடி' என்று மூன்றே சொல் எழுதியிருந்தால் அந்த மாதிரி செல்லாது. மறுபடி ஜீப் கேட்டு மூன்று பிரதியில் விண்ணப்பம், அதிகாரிக்கு விளக்கம், மறுபடி பயணம். கட்டத்தைக் காலியாக விட்டேன். மருந்தில் கிருமி செத்திருந்த தண்ணீர் 'நன்று' என்று தேறியது. முடிவைத் தபாலில் அனுப்பியதும் நானே.

அடுத்த முறை போனபோது படித்துறையில் நெடி இல்லை. பிளீச்சிங் போட அன்று மறந்திருந்தார்கள். பலகையில் மூன்று வரி இருந்தது.

'தண்ணீர் பரிசோதனை: நன்று.'

'கமால் மகள் ஃபரீதா மவுத். ஜனாஸா லுஹருக்குப் பின்.'

'கமால் இன்று நாலு மணிக்குப் பேசுவார்.'

பாய் எதையும் அழித்திருக்கவில்லை. அழிக்க மறந்தாரா, கை வரவில்லையா, நான் கேட்கவில்லை. மதியத் தொழுகைக்குப் பின் குழந்தையின் அடக்கம் முடிந்திருந்தது. பூத்தின் மர பெஞ்சில் ரஹ்மத் உட்கார்ந்திருந்தாள். ஜீப் நிற்கும் இடத்துக்கு அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அழுது முடித்த முகம். என் கையிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"அவரு கேப்பாரு சார். தண்ணிய காச்சிக் குடுத்தியான்னு கேப்பாரு. போர்டுல நல்ல தண்ணின்னு இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அது தாராளமான நேரம். நாலு மணிக்குப் போன் அடித்தது. அவள் எழுந்தாள், நான் வெளியே வந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். கல்யாண மண்டபமே ஏரிமேல்தான் நிற்கிறது. மிச்ச இடத்தில் ஆகாயத்தாமரை. புங்கமரம் இல்லை, பலகை இல்லை, பூத் இருந்த இடத்தில் கேன் தண்ணீர் ஏஜென்சி. சுலைமான் பாய் இறந்துவிட்டார். ரஹ்மத் புருஷனோடு துபாய்க்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். பழைய படிவங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. அழித்திருப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்ததற்கு இப்போது சாட்சி நான் ஒருவன்தான்.