வடக்கே வக்கீல் வீடு

செய்தி எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வந்தது. விடிகாலையில் என் மனைவி பார்வதி அடுப்பில் பால் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வக்கீல் மனைவி கஸ்தூரி அம்மாளின் குரல் கேட்டது. "பார்வதி, அண்ணனை அனுப்பும்மா. இவரு எழுந்துக்க மாட்டேன்றாரு." ஓடிப் போய்ப் பார்த்தேன். வக்கீல் தணிகாசலம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமலா போவது?

கள்ளிக்குப்பத்தில் நம் குடியிருப்போர் சங்கத்தாருக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரையான்சாவடியில் பிறந்தவர், பூந்தமல்லி கோர்ட்டு வக்கீல். மனை வாங்கவோ சுவர் எழுப்பவோ யோசனை கேட்டுப் போனால், "பத்திரத்தை மடிச்சி வையி. மொதல்ல மண்ணுல நின்னு பாக்கலாம்" என்பார். இடத்துக்கே வந்து நான்கு எல்லைகளையும் உரக்கப் படிப்பார். அந்தந்தப் பக்கத்து மனைக்காரர் அங்கே நின்று பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை நம் சங்கத்துக்காரர் ஒருவர் முன்பணம் கொடுக்கவிருந்த மனையில் நின்று, "கெழக்கே யாரு?" என்று கூவினார். யாரும் பதில் சொல்லவில்லை. நடந்து போய்ப் பார்த்தால் கணுக்கால் வரை ஏரிச் சேறு. "ஏரியாண்டதான் கேக்கணும் போலகீது" என்றார். அந்த மனையை நம்மவர் வாங்கவில்லை.

எனக்கும் அவருக்கும் சிநேகம் தொடங்கியது சண்டையில். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டு, பார்வதியின் நகைகளை விற்று நான் இங்கே வீடு கட்டியபோது, வடக்கே அவர் மனை வெறும் புல்தரை. இரண்டு மனைக்கும் நடுவே எல்லை காட்டும் சர்வேக் கல் ஒன்று இருந்தது. யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க, கல் அம்மனாகிவிட்டது. ஆடி மாதம் கூழ் ஊற்ற வந்த பெண்கள், ஆத்தா வெயிலில் நிற்கிறாளே என்று இரக்கப்பட்டு, கல்லைப் பெயர்த்து வடக்கே வேப்ப மரத்தடியில் நட்டுவிட்டார்கள். பார்வதியும் அதற்கு ஒரு கை பிடித்தவள்தான். மேஸ்திரி வந்து அந்தக் கல்லிலிருந்து நூல் பிடித்தார். அப்புறம் கேட்பானேன்!

தணிகாசலம் வீடு கட்ட வந்து அளந்தபோது எங்கள் சமையலறையில் பாதி அவர் மனையில் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "அம்மன் காட்டிய இடத்தில் கட்டிய வீடு. எவன் இடிப்பான், பார்க்கிறேன்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். உள்ளே பார்வதி அடுப்பை அணைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடமிருந்த அத்தனையும் அந்தச் சுவரில்தான் போயிருந்தது.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே கூவுற? இப்ப ஊட்டை இடின்னு யாரு சொன்னா?" என்றவர் உள்ளே பார்த்து, "தங்கச்சி, அடுப்பை மூட்டும்மா. காப்பித்தண்ணி குடு" என்றார்.

காப்பியைக் குடித்துவிட்டு வழி சொன்னார். சமையலறை நிற்கும் துண்டு நிலத்தை அவர் எனக்கு எழுதித் தருவது, அதே அளவு நிலத்தைப் பின்புறத் தோட்டத்தில் நான் அவருக்கு எழுதித் தருவது. பரிவர்த்தனைப் பத்திரம் என்றார். "நமக்குள் வாய்ப்பேச்சு போதாதா சார்?" என்றேன்.

"நீயும் நானும் கீற வரைக்கும் போதும். நான் செத்துப் பூட்டேன்னா? தங்கச்சி யாராண்ட போய் சாட்சி கேக்கும்? அதுக்குத்தான் எழுத்து."

"நீங்கள் நூறு வயது இருப்பீர்கள்" என்று சிரித்தேன். ஆனாலும் அவர் விடவில்லை; பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் எல்லை கோணலாகி, என் முருங்கை மரம் அவர் பக்கம் போயிற்று. "மரம் உன்னுது, மண்ணு என்னுது, கொழம்பு தங்கச்சியுது" என்று வேலிக்கு மேலே காயை நீட்டுவார். வேப்ப மரத்தடி அம்மனை அப்படியே விட்டுவிட்டு, முறைப்படி வேறு கல் நடச் செய்தார். "இதுக்காச்சும் மஞ்சா பூசாதீங்கம்மா" என்று பெண்களைக் கும்பிட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின், பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அழைத்துப் போவதாகச் சொன்னான். வேறென்ன செய்வான், பாவம். போன வாரம் வாங்குகிறவர் பழைய மனைப் படத்தோடு அளக்க ஆள் கூட்டி வந்தார். அளவுச் சங்கிலி நேரே எங்கள் சமையலறைச் சுவரில் முட்டியது. "இந்தச் சுவர் நம்ம மனையிலதானே நிக்குது?" என்றார் அவர். பார்வதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகன் உள்ளே போய்ப் பரிவர்த்தனைப் பத்திரத்தை எடுத்துவந்தான். அப்பா நின்ற இடத்திலேயே நின்று உரக்கப் படித்தான். "தெற்கே யாரு?" அதே குரல். "நான்தானப்பா, இருக்கேன்" என்றேன். வந்தவர் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. என் பத்திரத்தையும் கொண்டுவந்து படித்தேன். "வடக்கே வக்கீல் தணிகாசலம்..." அங்கேயே நிறுத்திவிட்டேன். யார் பதில் சொல்வார்கள்?

எதிர் ஜன்னலிலிருந்து கஸ்தூரி அம்மாள் சொன்னாள்: "கீறாரு அண்ணே. நீங்க படிங்க."

அந்த வீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கட்டும். என் பத்திரத்தில் வடக்கே அவர்தான் இருக்கிறார். நான் உள்ளவரை அதை மாற்றி எழுத விடமாட்டேன்.