முதலாளி கேட்ட ஏலக்காய்ப் பச்சை

வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்க் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுத்த பத்தாம் நாள் முதலாளி போனில் கூப்பிட்டார்.

"மெர்சிக்குக் கண்ணு சுத்தமாப் போச்சுய்யா. மூணு விவசாயி பதிவை அழிச்சுப்புடுச்சு. வேற ஆளைப் போடப் போறேன். வந்து அந்த ஆளுக்குச் சொல்லிக்குடுங்க."

ஏலத்துக்கு வரும் சரக்கைக் கம்ப்யூட்டரில் பதிபவர் மெர்சி அக்கா. பார்வை குறைவு, வெள்ளைத் திரை கூசும். அதனால் ஹை கான்ட்ராஸ்ட் மோடில், கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தாக வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். பழைய வெப்சைட்டில் பல வருஷமாக ஒரு பிசகும் வந்ததில்லை.

போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பதிவை உறுதி செய்யும் டிக், அழிக்கும் குப்பைத்தொட்டி, இரண்டு ஐகானையும் காணோம். அக்கா குத்துமதிப்பாகக் கிளிக் செய்துகொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வேலை தொடங்கியபோது முதலாளி முதல்தரக் காய் ஒன்றை என் ஸ்கிரீனில் ஒட்டிப் பிடித்து, "ஐகான் இந்தப் பச்சையில வரணும், இம்மி மாறக் கூடாது" என்றிருந்தார். நானும் அரை நாள் காயும் கையுமாக உட்கார்ந்து, அந்தக் கரும்பச்சையை ஐகான் படத்தின் எஸ்விஜி ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டேன். பக்கம் கறுப்பானாலும் ஐகான் கரும்பச்சையிலேயே நிற்கும். கறுப்பில் கரும்பச்சை யாருக்குத் தெரியும்?

"தப்பு என்னோடது, முதலாளி" என்றேன்.

"எனக்குத் தெரியுதேய்யா" என்றார் அவர், தன் வெள்ளைத் திரையைக் காட்டி.

அக்கா எழுந்தார். சாம்பிள் பையிலிருந்து கொஞ்சம் மிளகை எண்ணி எடுத்தார். மூலையில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புக் குடையை மல்லாத்தி அதற்குள் போட்டார்.

"எத்தனை கெடக்குன்னு சொல்லுங்க மொதலாளி."

முதலாளி குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "ஒரு பன்னெண்டு இருக்குமா?"

"இருபது. அப்ப உங்களையும் மாத்திரலாமா?"

முதலாளி வேற ஆள் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஐகானின் நிறத்தை 'கரன்ட்கலர்' என்று மாற்றினேன். இனி எழுத்து என்ன நிறமோ ஐகானும் அதே நிறம். கீழே 'உறுதி', 'அழி' என்று பெயரும் போட்டேன். அந்தப் பெயர் எழுத்துக்கு முதலாளியின் பச்சையைக் கொடுத்ததால், வெள்ளைத் திரையில் ஐகானும் அதே பச்சையில் இருந்தது.

மஞ்சள் டிக் தெரிந்ததும் அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "அப்ப என் கண்ணு இல்லையா தம்பி? மிச்சமும் போயிருச்சுன்னு பத்து நாளா வீட்டுல கூடச் சொல்லாம இருந்தேன்."

இப்போதெல்லாம் எந்த வெப்சைட்டையும் ஹை கான்ட்ராஸ்டில் பார்க்காமல் கொடுப்பதில்லை. நான் எழுதிய ஒரே ஒரு வரியால் ஒரு மனுஷி பத்து நாள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.