கரித்துணி வேண்டாத கை

பகவதி சண்முகவடிவின் கைப் பெருமையை முதலில் கேட்டது, கல்யாணமாகிச் சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்த மறுநாள் காலையில். ஐம்பதாம் வருசம், கும்பப்பூ அறுவடை முடிந்த சமயம். சோற்றுப் பானையை இறக்கக் கரித்துணி எங்கே என்று கேட்டாள். மாமியார் உலகம்மை சிரித்தாள். அவள் பறக்கை ஊர்த் தாணப்பன் மகள் அல்லவா, அந்த வீட்டுப் பெண்களுக்கே பெருமைப் பேச்சு கூடுதல்.

"கரித்துணியா? எங்க சண்முகவடிவு வெறுங்கையாலே எறக்குவா. ஒங்க வீட்டுல பிள்ளைகளப் பூவாட்டுல்லா வளத்திருக்காவ."

சண்முகவடிவு பகவதியின் நாத்தனார், பதினேழு வயது. அப்போதே வந்து, கொதிக்கிற வெண்கலப் பானையை விளிம்போடு பிடித்து இறக்கிவிட்டுப் போனாள். முகம் சுளிக்கவில்லை. பகவதிக்கு அவள்மேல் வந்த எரிச்சல் இரண்டு வருசமாகியும் தணியவில்லை. எந்த விசேஷ வீட்டிலும் இந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு. அப்படியானால் நீயே இறக்கு என்று வீம்புக்குத் தன் பானைகளையும் அவளிடமே தள்ளினாள்.

ஐம்பத்திரண்டில் ஒரு நாள் அடுக்களையில் தோல் கருகும் நாற்றம். பானையைப் பிடித்தபடியே வடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மயினி, என்னமோ கரியுது பாருங்க."

கரிந்தது அவள் உள்ளங்கை.

பகவதி கையைப் பிடுங்கித் திருப்பினாள். பழைய தழும்புகளுக்கு மேல் புதுக் கொப்புளம். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கி, நிமிராமல் நின்றன. முழங்கைக்கு மேல் வெளிறிய படை. உலகம்மைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. தேமல் என்றாள். அடுத்த மாதம் தக்கலையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அதுவரை வாயைத் திறக்காதே என்றாள். கணவன் கோலப்பன், அம்மா சொல்கிறபடி கேள் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான்.

தக்கலைப் பெண்கள் அடுக்களை வரைக்கும் வந்தார்கள். உலகம்மை அவர்களுக்கு அந்தக் கை வித்தையையே காட்டச் சொன்னாள். வடிவு பானையை நோக்கிக் குனிந்தபோது பகவதி கரித்துணியோடு குறுக்கே நின்றாள்.

"தொடாதே மக்கா. அத்தை, இவளுக்குச் சூடு தெரியல்ல. இது சாமர்த்தியமா? சீக்கு. இவியளும் தெரிஞ்சுகிடட்டும்."

காப்பி ஆறிக் கிடந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். மகள் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று உலகம்மை மண்ணை வாரித் தூற்றினாள். பகவதி மறுநாளே வடிவைத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

நர்ஸ் பேபி, வடிவின் முழங்கை உட்பக்கத்தில் பகவதியின் விரலை வைத்து அழுத்தினாள். நரம்பு கயிறாகத் தடித்து உருண்டது. தொட்டதை அறிகிற நரம்பணுவின் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கும், அதன் வால் மட்டும் விரல்நுனி வரை நீளும், சூடும் குளிரும் அந்த வால் வழியே ஏறும் என்றாள். வழிநெடுகத் துணையணுக்கள் அதைச் சுற்றிப் படுத்து, உறைபோட்டு, ஊட்டிக் காக்குமாம். கிருமி குடியேறுவது அந்தத் துணையணுவுக்குள்ளே. அது வீங்கிக் கெட்டால் நடுவில் உள்ள வால் நெரிந்து சாகும்.

"காவலுக்கு நிக்கது கெட்டா பொறவு நரம்பு எப்படி நிக்கும்? தேமல் கண்ட அன்னைக்கே கொண்டு வந்திருந்தா விரல் நிமிந்திருக்கும்."

பகவதியின் கை அறைவதற்கு ஆள் தேடியது. கிடைத்தது தன் தொடைதான். ரெண்டு வருசம், ரெண்டு வருசம் என்று அறைந்துகொண்டாள்.

புது மாத்திரையில் கிருமி அடங்கியது, விரல்கள் நிமிரவில்லை. உலகம்மை வடிவை வீட்டில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு பகவதி அத்தையோடு ஒரு சொல் பேசியதில்லை.

நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த இந்த ஐம்பத்தாறாம் வருசத்தில், சண்முகவடிவு அந்த ஆஸ்பத்திரி அடுக்களையில் இருக்கிறாள். இரண்டு கையிலும் கரித்துணி சுற்றிக்கொண்டு அறுபது பேருக்குச் சோறு வடிக்கிறாள்.